செம்பு பிடித்த மல்லாட்டைத் தோல்

ஞாயிற்றுக்கிழமை காலை சாகிரா சாக்கின் வாயை விரித்துப் பிடித்திருந்தாள். அவள் அப்பா சிராஜுதீன் முறத்தால் மல்லாட்டைத் தோலை அள்ளிப் போட்டார். மூன்று முறம் போடுவார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து ஊரைத் திட்டுவார், மறுபடி மூன்று முறம். வேர்க்கடலை உடைக்கிற மில்லில் எடுத்துப் போனால் போதும் என்று கொடுத்த தோல் அது. முந்தாநாள் பூராவும் தண்ணீரில் ஊறி, சாயம் போக ஐந்து தடவை அலசப்பட்டு, மொட்டை மாடியில் காய்ந்திருந்தது. ஐந்து தடவை என்பது சாகிராவின் உத்தரவு.

"பிரியாணி அரிசிய உங்கம்மா ரெண்டு தடவதான் கழுவுறா," என்றார். "அது மனுசன் திங்கிறது. இது சாக்கடத் தண்ணி குடிக்கப் போற தோலு. இதுக்கு அஞ்சு குளியலு."

"சாயத்தோட போட்டா தண்ணி டீ மாதிரி ஆயிடும் அத்தா."

"ஆவட்டுமே. ஆதிமூலம் போடுற டீக்கு அது எவ்வளவோ தேவல."

"மெதுவா போடுங்க, சாக்கு நகருது."

"எம்.எஸ்சி.ல சாக்குப் புடிக்கிறது பாடத்துல இல்லியா?"

நான்கு சாக்கு நிரம்பியது. கோணி ஊசியில் சணலைக் கோத்து வாயைத் தைத்தார். தைக்கும்போது நாக்கின் நுனி வெளியே எட்டிப் பார்க்கும். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, தலை நிமிராமல் சொன்னார்: "வெள்ளிக்கெழம ஜும்மா முடிச்சிட்டு அந்தக் கெணத்தடிச் சாம்பல அள்ளிடறேன். போதுமா? மொகத்த அப்படி வெச்சிக்கினு நிக்காத."

சாகிரா முறத்தைத் தட்டிச் சுவரோரம் சாய்த்தாள். சாக்கு, சாயம் தவிர வேறு எதைப் பற்றியும் அவரோடு பேசுவதில்லை என்று பத்து நாளாக வைத்திருந்தாள். அன்றைக்கும் பேசவில்லை. 1986, புரட்டாசி மாதம்.

சிராஜுதீன் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பள்ளிக்கூடம்தான் தன்னை விட்டது என்பார். மெட்ராசில் ஒரு முலாம் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, இடது கையில் நான்கு நகம் நீலம் பாரித்த நிலையில், மரப்பெட்டி அளவு ஒரு கரண்ட் மிஷினோடு செஞ்சிக்குத் திரும்பினார். பஜாருக்குப் பின்னால் சந்தில் 'ஸ்டார் காப்பர் பாட்டம்' என்று போர்டு மாட்டினார். வேலை இதுதான்: எவர்சில்வர் பாத்திரங்களை ஆசிட்டும் மயில்துத்தமும் கலந்த தொட்டியில் இறக்கி, கரண்ட் கொடுத்து, அடிப்பாகத்தில் மட்டும் செம்பு ஏற்றுவது. அந்த வருஷங்களில் அது ஒரு வியாதி. அடியில் செம்பு இல்லாத பாத்திரத்தோடு போன பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் மதிப்பதில்லை. வந்த பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பூச்சு எத்தன வருசம் நிக்கும் பாய்?" என்று பெண்ணைப் பெற்றவர்கள் கேட்பார்கள்.

"கல்யாணம் நிக்கிற வரைக்கும்," என்பார்.

பக்கத்து மனை அம்மாக்கண்ணுவுடையது. கல்யாணங்களுக்குப் பித்தளை அண்டா, தவலை, குண்டான் எல்லாம் வாடகைக்கு விடுகிறவள். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவனை விட அண்டாக்கள் உழைப்பாளிகள் என்று அவளே சொல்வாள். பாத்திரங்கள் திரும்பி வந்ததும் கிணற்றடியில் கல்லின் மேல் கவிழ்த்துப் போட்டு, சாம்பலும் புளியும் வைத்துத் தேய்ப்பாள். புளி பட்ட பித்தளை பொன்னாக மின்னும். சிராஜுதீனின் தொழிலை அவள் தொழிலாகவே மதித்ததில்லை.

"மேல எவர்சில்வரு, அடியில மட்டும் செம்பு. டெரிலின் சட்ட போட்டவன் கீழ கோமணம் கட்டின மாதிரி."

"கோமணம் இருக்குதே யக்கா, அத பாத்து சந்தோசப்படு."

இந்தப் பேச்சு ஆறு வருஷம் வேலிக்கு மேலே போய் வந்துகொண்டிருந்தது. வேலிக்கு அடியில் வேறொன்று போய்க்கொண்டிருந்தது.

தொட்டியிலிருந்து எடுத்த பாத்திரத்தை டிரம்மில் இருக்கிற தண்ணீரில் அலசுவார். நாலைந்து நாளில் டிரம் தண்ணீர் சொட்டு நீலம் கலந்தது போல ஆகிவிடும். அதைப் பின்பக்கக் கால்வாயில் கவிழ்ப்பார். செஞ்சியில் ஒரு முழம் தோண்டினால் பாறை. தண்ணீர் கீழே இறங்காது, வழி தேடும். பாறை அம்மாக்கண்ணுவின் கிணற்றுப் பக்கம் சாய்ந்திருந்தது.

முதலில் அவள் வெளுத்த வெள்ளைப் புடவையில் பச்சை ஏறியது. அப்புறம் தண்ணீரில் களிம்பு வாடை. அப்புறம் அவளுக்கு வயிறு புரட்ட ஆரம்பித்தது. ஒரு நாள் சொம்போடு கடைக்கு வந்தாள்.

"பாய், இத குடி."

"இன்னாக்கா இது?"

"எங்கெணத்துத் தண்ணி. உன் கடச் சரக்கு. குடிச்சிட்டு நல்லாருக்குதுன்னு சொல்லு, நான் பேசாம போயிடறேன்."

கடையில் இரண்டு கல்யாண வீட்டார் நின்றிருந்தார்கள். சிராஜுதீன் சொம்பைத் தூக்கி மடக் மடக்கென்று முழுக்கக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். "சர்க்கர மட்டும் கொஞ்சம் கம்மி," என்றார். கல்யாண வீட்டார் சிரித்தார்கள். பத்து நிமிஷத்தில் கடைக்குப் பின்னால் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அம்மாக்கண்ணு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கடைசி ஓங்கரிப்பு வரைக்கும் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சாகிரா அப்போது விழுப்புரத்தில் ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். ஊர்க் கிணறுகளின் தண்ணீரையெல்லாம் பாட்டிலில் பிடித்துச் சோதித்துச் சீட்டு எழுதுகிறவள், சொந்தக் கடைக்குப் பின்னால் இருக்கிற கிணற்றை எட்டிப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். குடிக்கிற தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் வரைதான் செம்பு இருக்கலாம். அம்மாக்கண்ணுவின் கிணற்றில் ஒன்பது இருந்தது.

"ஒம்போதுன்னா பாஸா ஃபெயிலா?" என்றார் சிராஜுதீன்.

அவரைத் திருத்தியது சீட்டு இல்லை, சோம்பேறித்தனம். கடையில் உட்கார்ந்தால் வறுத்த மல்லாட்டை தின்றுகொண்டே இருப்பார். தோலைப் போட எழுந்து போக மாட்டார். கைக்கு எட்டுகிற அலசல் டிரம்மில் வீசுவார். ஒருமுறை அவலூர்பேட்டையில் மைத்துனன் கல்யாணத்துக்குப் போய் ஆறு நாள் கடையை மூடிவிட்டுத் திரும்பினார். ஒரு டிரம்மில் தண்ணீர் நீலமாகவே இருந்தது. பக்கத்து டிரம்மில் தெளிந்திருந்தது. நீலத்தை யாரோ திருடிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றி வைத்திருப்பதாகத் தோன்றியது. அம்மாக்கண்ணுவைத்தான் முதலில் சந்தேகப்பட்டார். அப்புறம் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி தோலை எடுத்தார். மண் நிறத்தில் போட்டது, பாசி நிறத்தில் வந்தது.

"மல்லாட்டத் தோலு செம்பத் தின்னுடுச்சிம்மா!"

"திங்கல. அது செத்த தோலு. புடிச்சி வெச்சிருக்குது, அவ்ளோதான்."

"எத்த வெச்சிப் புடிக்குது? கை இருக்குதா அதுக்கு?"

சாகிரா யோசித்தாள். "திண்டிவனம் பஸ் மாதிரின்னு வெச்சிக்கங்க. தோல்ல சீட்டு இருக்குது. தண்ணியில இருக்கிற செம்பு வந்து உக்காந்துக்கும். சீட்டு ரொம்பிட்டா அப்புறம் ஏறாது."

"ஸ்டாண்டிங் கெடையாதா?"

"கெடையாது. ஆனா ஆசிட்டு ஏறிச்சின்னா, உக்காந்திருக்கிற செம்பெல்லாம் எழுந்து எறங்கிடும்."

"ஆசிட்டு யாரு, கண்டக்டரா?"

"மாநாட்டுக்குப் போற கட்சிக் கும்பலு."

அது அவருக்கு உடனே புரிந்தது. அதனால்தான் அலசல் தண்ணீரில் முதலில் துளி சுண்ணாம்பு கலந்து புளிப்பை முறிக்க வேண்டும் என்பதும் புரிந்தது. மூன்று டிரம்மை வரிசையாக வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் குழாய் விட்டு, மூன்றிலும் தோலைக் கொட்டினார். நீலமாக நுழைந்த தண்ணீர் நிறமில்லாமல் கால்வாயில் விழுந்தது. நான்கு மாதத்தில் கிணற்றில் ஒன்பது ஒன்றேகால் ஆனது. அம்மாக்கண்ணு வேலி ஓரம் வந்து, "வயிறு பரவால்ல பாய்," என்று மட்டும் சொன்னாள். அவளிடமிருந்து அது பொன்னாடை.

அதன் பிறகு சிராஜுதீனைப் பிடிக்க ஆளில்லை. கடைக்கு வருகிறவர்களையெல்லாம் டிரம் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். தோலுக்குப் பசி, தாகம், ஏப்பம் எல்லாம் வந்துவிட்டன. "தின்னு செரிச்சிடும்," என்பார். மகள் இருந்தால் மட்டும், "புடிச்சி வெச்சிக்கும்னு சொல்லுது எங்க வீட்டு விஞ்ஞானி," என்று சேர்த்துக்கொள்வார்.

சீட்டு நிரம்பிய தோலை என்ன செய்வது என்று சாகிரா முதலிலேயே சொல்லியிருந்தாள். கொஞ்சம் ஆசிட்டில் நனைத்தால் செம்பு முழுக்க இறங்கிவிடும். அந்த நீலத்தைத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றலாம், தோலையும் மறுபடி போடலாம். "அது பெரிய வேல," என்றார் அவர். தோல்தான் எத்தனை வேண்டுமானாலும் மில்லில் கிடைக்கிறதே. பழைய தோலைக் காயவைத்து, எதிர்ச் சந்து டீக்கடை ஆதிமூலத்துக்கு எரிக்கக் கொடுத்துவிட்டார்.

முதல் நாளே பாய்லர் அடுப்பில் தீ பச்சையாக எரிந்தது. கிளிப்பச்சை. ஆதிமூலம் சட்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தான். சந்தே கூடிவிட்டது. ஒருவர் கோட்டையில் புதைந்த புதையலின் புகை என்றார். இன்னொருவர் பாய் மந்திரிச்ச தோல் என்றார். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு டீ சொன்னார். அந்தத் தீயில் போட்ட டீக்கு மூட்டு வலி போகும் என்று சாயங்காலத்துக்குள் பெயர் வந்துவிட்டது. ஆதிமூலத்தின் வியாபாரம் அவன் டீயின் தகுதிக்கு மீறிப் போய்க்கொண்டிருந்தது.

சாகிராவும் அன்றைக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி அந்தக் கூட்டத்தில் நின்றாள். செம்பு பச்சையாக எரியும் என்று கல்லூரிச் சோதனைச் சாலையில் நூறு தடவை பார்த்தவள். அதைச் சொல்லவும் செய்தாள். அப்பாவோடு சேர்ந்து சிரித்து, ஒரு டீயும் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். தீ அணைந்தபின் செம்பு எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒருத்தி. அவளுக்குப் பட்டம் இருந்தது.

ஆதிமூலத்தின் அடுப்புச் சாம்பல் காலம் காலமாக அம்மாக்கண்ணுவுக்குத்தான் போகும். பாத்திரம் தேய்க்க. தினம் ஒரு கூடை. அவள் அதைக் கிணற்றடியில் குவித்து வைத்துக்கொள்வாள்.

ஆவணியில் முகூர்த்தத்துக்குக் குறைவில்லை. கிணற்றடியில் அண்டா மேல் அண்டா. சாம்பலும் புளியும் காலையிலிருந்து மாலைவரை. மாதக் கடைசியில் அம்மாக்கண்ணு படுத்துவிட்டாள். குடித்த கஞ்சி நிற்கவில்லை. சாகிரா தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். பதினொன்று. தன் கையைச் சந்தேகப்பட்டு இரண்டாவது தடவை செய்தாள். அப்போதும் பதினொன்று. டிரம்மிலிருந்து விழுகிற தண்ணீரைச் சோதித்தாள்; அதில் ஒன்றும் இல்லை.

கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்தாள். தேய்க்கிற கல்லின் இடுக்கெல்லாம் பச்சை. கல்லிலிருந்து ஒரு பச்சைக் கோடு இறங்கிக் கிணற்றின் உடைந்த விளிம்புக்குப் போயிருந்தது. பக்கத்தில் புளிக் கொட்டாங்கச்சி. அதற்குப் பின்னால், அவள் மார்பு உயரத்துக்குச் சாம்பல் குவியல். புளியும் புளிப்புத்தான். ஆசிட்டுக்குத் தம்பி. தோல் பிடித்து வைத்த செம்பைத் தீ சாம்பலாக்கியது, புளி அதைச் சாம்பலிலிருந்து எழுப்பி இறக்கிவிட்டது, கிணறு வாங்கிக்கொண்டது.

கடைக்குப் போனாள்.

"அத்தா, கால்வாயில போற செம்ப எடுத்தீங்க. எடுத்து, எரிச்சி, கூடையில வெச்சி அவங்க வீட்டுக்கே அனுப்பியிருக்கீங்க."

சிராஜுதீன் பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொல்லப்பக்கமா போனது இப்ப வாசப்பக்கமா மரியாதையா போவுது."

"அவங்க படுத்துட்டாங்க. அய்ப்பசி மழையில அந்தக் குவியல் அப்படியே கெணத்துல எறங்கும். அப்புறம் அத எந்தத் தோலு போட்டும் எடுக்க முடியாது."

"மழ பெய்யட்டும், பாக்கலாம். போன வருசமும் இதான் சொன்னாங்க, குட கூட விரியல."

"ஒரு ஆளு சாவுற வரைக்கும் உங்களுக்கு எல்லாமே ஜோக்குதான்."

கடையில் அந்த நேரத்தில் வேறு யாரும் இல்லை. அவர் பாத்திரத்தைத் திருப்பி வைத்தார். சாகிராவின் பத்து நாள் மௌனம் அதோடு ஆரம்பித்தது.

அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை, சாக்கு, வெள்ளிக்கிழமை அள்ளிவிடுகிறேன் என்ற வாக்கு.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு சிராஜுதீன் ஆதிமூலம் கடையில் டீ வாங்கி ஒரு வாய் குடித்தார். டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "ஆதிமூலம், இதுல" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. பெஞ்சில் சாய்ந்தபடியே போய்விட்டார். இன்றைக்கு டீ நன்றாக இருக்கிறது என்றுதான் பாய் சொல்ல வந்தார் என்று ஆதிமூலம் எல்லோரிடமும் சொன்னான். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அவரை நான்கு பேர் தூக்கிப் போனார்கள். உயிரோடு இருந்தபோது அவர் கடையைச் சாக்கடைக் கம்பெனி என்று சொன்ன உறவினர்கள், வீட்டில் உட்கார்ந்து அவரை மேதை என்றார்கள். அரசாங்கம் கண்டுகொள்ளவில்லை என்று ஒருவர் வருத்தப்பட்டார். தோல் செம்பைத் தின்றதாக இன்னொருவர் விளக்கினார். செரித்துவிடும் என்றார். சாகிரா திருத்தவில்லை. இருபத்தாறு வயதாகிறதே, இனியாவது வேலையை விட்டுவிட்டு ஒரு மாப்பிள்ளை பார்க்கலாமே என்று பேச்சு மூன்றாவது சுற்றில் அவளிடம் வந்து நின்றது.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த நேரம், அம்மாக்கண்ணு வாசலில் நின்றாள். மெலிந்திருந்தாள். கையில் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர்.

"பாப்பா, இப்ப கேக்கக் கூடாதுதான். வானத்த பாத்தியா? கோட்ட மல மேல இருட்டிக்கினு நிக்குது. அந்தச் சாம்பலு..."

"துக்க வூட்டுல வந்து சாம்பல் கேக்குறியே, அறிவு வேணாமா?" என்றார் மாமன் ஒருவர்.

அறைக்குள் திரைக்குப் பின்னாலிருந்து மெஹராஜ் பேகத்தின் குரல் வந்தது. சாகிராவின் அம்மா, புருஷன் போனபின் இத்தா இருப்பதால் நான்கு மாதம் பத்து நாள் வெளியே வர முடியாது. "அவரு சொன்னதுதானே, அதத்தான் கேக்குது அது. சாகிரா, தள்ளுவண்டி கடையிலதான் நிக்குது. போ."

சாகிரா தள்ளுவண்டியோடு போனாள். குவியலின் ஒரு ஓரம் வெட்டிய அப்பம் மாதிரிச் சரிந்திருந்தது. பக்கத்தில் ஒரு மூட்டை, நிரம்பி, வாய் தைத்து நின்றது. தையல் அவருடையது.

"புதங்கெழம வந்தாரு," என்றாள் அம்மாக்கண்ணு. "வெள்ளிக்கெழமன்னியே பாய், இன்னிக்கே வந்துட்டியேன்னேன். வூட்டுல ஒரு ஆபீசரம்மா மொகத்த தூக்கி வெச்சிக்கினு இருக்குது, பாதி முடிச்சிட்டுக் கூட்டிக்கினு வந்து காட்டினா சிரிக்கும்னாரு. பத்து நாளா காலையில சைக்கிள்ள ரெண்டு கொடம் குடி தண்ணியும் அவருதான் கொணாந்து குடுத்தாரு, தெரியுமா ஒனக்கு?"

சாகிராவுக்குத் தெரியாது.

"நான் சாக்கு புடிக்கிறேன்னேன். ஒனக்கு ஒடம்பு சரியில்ல, ஒக்காருன்னாரு. காலால சாக்க மிதிச்சிக்கினு அவரே அள்ளுனாரு. ஒரு மூட்ட அள்ள ஒரு மணி நேரம். கை ஒரு மொறம் அள்ளுது, வாயி பத்து மொறம் அள்ளுது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் இடுப்பு புடிச்சிக்கிச்சின்னு கெளம்பிட்டாரு. மிச்சத்துக்குப் புடிக்க ஆளோட வரேன்னாரு."

கிணற்று மேட்டில் காலிச் சாக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக் கிடந்தன. சாகிரா எண்ணினாள். பதினொன்று. மேல் சாக்கில் கோணி ஊசி குத்தியிருந்தது, சணல் கோத்து, நுனியில் முடிச்சும் போட்டு.